பந்தக்கால் நடும் முன் ஒரு பாலிசி

காலடிப்பேட்டையில் ஆடி பிறந்தால் கூழ் அண்டா அடுப்பேறும். ஆவணியில் பிள்ளையார் வருவார். தை பிறந்தால் கோலப்போட்டி, உறியடி, சிறுவர்களுக்கு ஓட்டப்பந்தயம். நடுவே ஆண்டுவிழா, நினைவுநாள் அன்னதானம், புத்தாண்டு நள்ளிரவு கேக். மெட்ரோவில் இறங்கி டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், ஆண்டில் பல நாள் ஏதாவது ஒரு தெருவின் குறுக்கே பந்தல் நிற்கும். விழாக்குழுவின் வசூல் நோட்டில் பந்தல், மைக் செட், பூ, மேளம், சாப்பாடு, பரிசுக் கோப்பை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். இன்ஷூரன்ஸ் என்று ஒரு வரி இருக்கிற நோட்டைக் காண்பது அரிது.

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பு ஏற்றிருப்பவர்களுக்கும், பந்தல், லைட், சமையல் என்று விழாவையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. முதலில் மனதில் பதிய வேண்டியது: விழா நாளில் உங்கள் தெரு ஒரு பணியிடம். அங்கே ஏணியில் ஏறுகிறவர் இருக்கிறார், மின்சாரத்தில் கை வைக்கிறவர் இருக்கிறார், கொதிக்கும் அண்டாவைத் தூக்குகிறவர் இருக்கிறார். இன்ஷூரன்ஸ் கணக்கை இவர்களிடமிருந்து தொடங்குங்கள். வேடிக்கை பார்க்க வருபவர்கள் அடுத்து. ஸ்பீக்கரும் சிலையும் கடைசி.

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வார நாளில் கேட்டுக்குள் நுழையும்போதே ஹெல்மெட், ஷூ, சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம். அதே ஆள் ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு சவுக்குக் கட்டையில் ஏறி, ஒரு கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, பல்லால் ஒயரைச் சீவி சீரியல் செட்டுக்கு இணைப்பு கொடுப்பார். அங்கிருந்து விழுந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவருக்குச் சிகிச்சை கிடைக்கும். ஆனால் ஊனத்துக்கான உதவித்தொகையும், இறந்தால் குடும்பத்துக்கு வரும் சார்ந்தோர் உதவித்தொகையும் வேலையால் ஏற்பட்ட விபத்துக்கு மட்டுமே. தெருவிழாவில் பட்ட அடி அந்தக் கணக்கில் வராது.

தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை அப்பர் சதய விழாத் தேர், மேலே போன உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் கீழ்வீதி கிராமத்தில் 2023 ஜனவரி 22 இரவு மயிலேறு விழாவில் கிரேன் சாய்ந்து 4 பேர் உயிரிழந்தார்கள். இரண்டும் பெரிய கோயில்களின் பெருவிழா அல்ல, ஊர்க்காரர்கள் சேர்ந்து எடுத்த விழாக்கள். களிமேட்டில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா 5 லட்சமும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சமும் அறிவித்தார்கள். நாடே பார்த்த துயரம் என்பதால் அது நடந்தது. ஒரு சந்தில் ஒரே ஒருவர் ஷாக் அடித்து இறந்தால் நிவாரணம் வரலாம், வராமலும் போகலாம். அது அரசின் கருணை. பாலிசித் தொகையோ அந்தக் குடும்பம் உரிமையோடு கேட்கும் பணம்.

வேலை செய்பவர்களுக்கு

கையில் ஒரு பைசா இல்லாத குழுவும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ முழு ஊனமானாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 18 முதல் 70 வயது வரை, பாங்க் கணக்கு இருந்தால் போதும். ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டு. மே கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லாமல் போய்ப் பாலிசி செத்துக் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. ஆடி வேலை தொடங்கும் முன் வாலன்டியர்களைக் கூட்டி, ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் அந்த 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு பாங்கில் பிடித்திருந்தாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான்.

இதில் பெரிய ஓட்டை வயது. உறியடிக் கம்பத்துக்குக் கீழே நிற்கிற பையன்களில் பாதிப் பேருக்கு 18 ஆகியிருக்காது. அவர்களுக்காகவும், 2 லட்சம் போதாது என்று நினைக்கிற குழுக்களுக்காகவும் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. பெயர்ப் பட்டியல் கொடுத்து, குறிப்பிட்ட நாட்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். மும்பையில் தஹி ஹண்டி என்னும் உறியடியில் ஏறும் கோவிந்தாக்களுக்கு மகாராஷ்டிர அரசே இப்படிக் காப்பீடு எடுக்கிறது. உயிரிழப்புக்கு 10 லட்சம், 2025-ல் ஒன்றரை லட்சம் பேருக்கு. தனியார் பாலிசிகளில் ஒரு நிபந்தனையை வாலன்டியர் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்: மது அருந்திய நிலையில் நடந்த விபத்துக்குப் பணம் கிடையாது.

பந்தல்காரர், லைட் செட்டிங் போடுபவர், கிரேன்காரர் ஆகியோரின் ஆட்களுக்கு முதலாளி அவரவர் கான்ட்ராக்டர். தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்பு 1923-ம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. மாதக் கூலி 15,000 என்று வைத்து, 30 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால், பழைய சட்டத்தின் கணக்குப்படி கூலியில் பாதியான 7,500-ஐ 207.98 ஆல் பெருக்க வேண்டும்: 15,59,850 ரூபாய். நாலு பேரை வைத்துப் பந்தல் போடும் சின்ன கான்ட்ராக்டர் இந்தத் தொகையை எங்கே போய்ப் புரட்டுவார்? ஆகவே ரேட் பேசும்போதே, ‘உங்கள் ஆட்களுக்கு இழப்பீட்டு பாலிசி இருக்கிறதா, காப்பி கொடுங்கள்’ என்று கேளுங்கள். இல்லை என்றால் அவருடைய ஆட்களின் பெயரையும் உங்கள் விபத்துப் பட்டியலில் சேர்த்து, செலவை அவர் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலிசி காப்பியை முதலில் நீட்டுகிற பந்தல்காரருக்கு நாளைக்குக் கம்பெனி ஆர்டர் கிடைக்கும், கல்யாண மண்டப ஆர்டர் கிடைக்கும். தெரு வேலையிலிருந்து பெரிய வேலைக்குப் போகிற வழியில் அந்தக் காகிதம் ஒரு தகுதிச் சான்று மாதிரி.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு

பந்தல் சாய்ந்து தெருவில் நடந்து போனவர் மேல் விழுகிறது. அவர் உங்கள் குழுவில் இல்லை, உங்களிடம் கூலிக்கும் வரவில்லை. சட்டம் அவரை மூன்றாம் நபர் என்கிறது. அவர் கேட்கும் இழப்பீட்டையும், வழக்காடும் செலவையும் ஏற்பதுதான் பொதுப் பொறுப்புக் காப்பீடு. ஏஜென்டிடம் ‘பப்ளிக் லயபிலிட்டி’ என்று சொன்னால் புரியும். ஆனால் ஈவென்ட்டுக்கு என்று சேர்த்துச் சொல்லுங்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு உரியது. மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகள் எடுக்கும் அந்தப் பாலிசிக்கும் உங்கள் பந்தலுக்கும் சம்பந்தமில்லை.

‘பந்தலைப் போட்டது கான்ட்ராக்டர், நாங்கள் என்ன செய்ய முடியும்?’ என்று குழுக்கள் நினைப்பதுண்டு. மீரட் நகரில் 2006 ஏப்ரல் 10 அன்று விக்டோரியா பூங்காவில் நடந்த நுகர்பொருள் கண்காட்சியில் பந்தல் தீப்பிடித்து 65 பேர் இறந்தார்கள். பந்தல், மின்சாரம் எல்லாம் கான்ட்ராக்டர் பொறுப்பு என்று அமைப்பாளர்கள் வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 சதவீதம் அமைப்பாளர்கள், 40 சதவீதம் மாநில அரசு என்று பிரித்தது. அது பெரிய கண்காட்சி, நம்முடையது ஒரு தெரு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். கூட்டத்தை அழைத்தவர் கூட்டத்துக்குப் பொறுப்பு என்ற வாதம் தெருவுக்கும் பொருந்தும். ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று ஒரு கல்யாணத்தில் மாடிக் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

பாலிசியில் இரண்டு தொகை எழுதியிருக்கும். ஒன்று ஒரு விபத்துக்கான உச்சவரம்பு, மற்றொன்று பாலிசிக் காலம் முழுவதற்குமான உச்சவரம்பு. ஒரே விபத்தில் பத்துப் பேர் அடிபட்டாலும் முதல் வரம்புக்குள்தான் பங்கு போடுவார்கள். ஏஜென்ட் பெரிய தொகையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், முதல் தொகை எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் இவ்வளவு ரூபாய் உங்கள் பொறுப்பு என்றும் ஒரு வரி இருக்கும். அது கையிருப்பில் இருக்கிறதா என்று பொருளாளர் பார்க்க வேண்டும்.

குழு உறுப்பினரும் வாலன்டியரும் இந்தப் பாலிசியில் மூன்றாம் நபர் ஆகமாட்டார்கள். அதனால்தான் விபத்துக் காப்பீடு தனி, பொதுப் பொறுப்பு தனி என்று இரண்டு வேண்டியிருக்கிறது. கெட்டுப்போன சாப்பாடு, வாணவேடிக்கை இரண்டும் பெரும்பாலும் தானாக அடங்காது. கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். சந்துகளில் வாணவேடிக்கையே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெருவில் எந்தப் பாலிசியும் உயிரைத் திருப்பித் தராது.

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் பிள்ளையார் வைக்கும் ஜி.எஸ்.பி. சேவா மண்டல் 2025-ல் எடுத்த காப்பீடு 474.46 கோடி ரூபாய். அந்தத் தொகை நமக்கு எட்டாது. அதைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். தங்கம், வெள்ளி நகைகளுக்கு 67.03 கோடி. பொதுப் பொறுப்புக்கு 30 கோடி. தொண்டர்கள், அர்ச்சகர்கள், சமையல்காரர்கள், செருப்பு பார்த்துக்கொள்பவர்கள், காவலாளிகள் ஆகியோரின் விபத்துக் காப்பீட்டுக்கு 375 கோடி. அத்தனை நகை போட்ட பிள்ளையாரை வைத்திருப்பவர்களே ஐந்தில் ஏறக்குறைய நாலு பங்கை வேலை செய்கிற மனிதர்களுக்கு ஒதுக்குகிறார்கள். நம் நோட்டிலும் இந்த விகிதம்தான் சரி.

குட்டியானை, சிலிண்டர், கொக்கி

பாலிசி இருந்தும் பணம் வராமல் போகும் மூன்று இடங்கள் இவை.

பிள்ளையாரைக் கரைக்க, திருவொற்றியூர் பாப்புலர் எடைமேடைக்குப் பின்னால் உள்ள கடற்கரைக்கோ காசிமேட்டுக்கோ குட்டியானையில் கொண்டுபோகிறோம். சிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பத்துப் பையன்கள். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று டிரைவர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சரக்கு வண்டியில் ஓசியில் ஏறியவர்கள் சட்டப்படியான மூன்றாம் நபர் காப்பீட்டில் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. லோடு ஏற்றி இறக்கும் கூலி ஆள் என்றால் கதை வேறு. தெருப் பையன் அப்படி அல்ல. பையன்களை வேனில் ஏற்றுங்கள், அல்லது நடக்கவிடுங்கள். சாலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கைகொடுக்கும். அவை மருத்துவச் செலவுக்கு. இறந்தவரின் வீட்டு வாடகைக்கு அல்ல.

அடுத்து சிலிண்டர். எண்ணெய் நிறுவனங்கள் எரிவாயு விபத்துக்காகத் தாங்களே காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. எரிவாயுவே காரணமான விபத்தில் இறப்புக்கு 6 லட்சம், மருத்துவத்துக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை. சொத்துச் சேதம் என்றால் வாடிக்கையாளர் பதிவு செய்த முகவரியில் நடந்ததாக இருக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டரைத் தெருவுக்குத் தூக்கிவந்து அன்னதானம் சமைத்தால் விதிமீறலும் சேர்ந்துகொள்ளும். கோரிக்கை அங்கேயே சிக்கலாகும். 19 கிலோ வணிகச் சிலிண்டரை பில்லோடு வாங்குங்கள். சமையல் மாஸ்டரிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்ன அளவில் உணவு தயாரிப்பவர்களுக்கான பதிவு ஆண்டுக்கு 100 ரூபாயில் முடிகிற காரியம்.

மூன்றாவது கொக்கி. மின்கம்பத்தில் கொக்கி போட்டு எடுக்கும் கரண்ட், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவின்படி திருட்டு. அந்த ஒயரில் ஒருவர் அடிபட்டால், இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவது இ.பி. ஆபீஸின் தற்காலிக இணைப்பு ரசீதை. ரசீது இல்லையென்றால் அவர் அறிக்கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து எடுத்தாலும் சிக்கல் வரலாம்.

காகித வேலை

பிள்ளையார் சிலைகளுக்கென்று தமிழக அரசு 2018-ல் போட்ட அரசாணை 598, நில உரிமையாளர் சம்மதம், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, மின்சாரம் எங்கிருந்து என்பதற்கான கடிதம் ஆகியவற்றைக் கேட்கிறது. சிலை பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் போகக்கூடாது. பந்தல் எளிதில் தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும். மற்ற விழாக்களுக்கும் இதே பட்டியலை வைத்துக்கொண்டால் நல்லது. அனுமதி இல்லாத விழாவில் நடந்த விபத்துக்குப் பாலிசியை நீட்டினால் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணம் தயாராகக் கிடைக்கிறது. ஜல்லிக்கட்டு நடத்த அனுமதி கேட்கும் விழாக்குழுக்களிடம் காப்பீட்டை நிபந்தனையாகவே வைக்கிறார்கள். இங்கிலாந்தில் தெரு விருந்துக்கு அரசு அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் 50 பவுண்டிலிருந்து கிடைக்கும், அக்கம்பக்கத்தார் பகிர்ந்துகொள்ளலாம் என்று அரசு வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் காலடிப்பேட்டையிலும் இரண்டு மூன்று தெருக்கள் சேர்ந்து எடுத்தால் சுமை குறையும்.

யார் பெயரில் எடுப்பது? காவல் நிலைய அனுமதி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில். அனுமதி தலைவர் பெயரில், பாலிசி பொருளாளர் பெயரில் என்று இருந்தால் தகராறு வரும். 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கம் என்றால் எல்லாமே சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். 2023 ஜனவரி முதல் எந்தப் பாலிசிக்கும் அடையாள ஆவணம் கட்டாயம். பான், ஆதார், சங்கப் பதிவுச் சான்று கையில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒரே விழா என்றால் அந்த விழாவுக்கு மட்டும் எடுங்கள். ஆடியிலிருந்து பொங்கல்வரை நாலைந்து நடத்துகிற பதிவுபெற்ற சங்கம் ஆண்டு பாலிசி கேட்பது லாபம்.

விண்ணப்பப் படிவத்தில் ‘இடம்’ என்ற கட்டத்தில் தெருப் பெயரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். ஊர்வலம் போகும் பாதை, கரைக்கும் கடற்கரை எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘நாள்’ என்ற கட்டத்தில் விழா நாளை மட்டும் எழுதினால், கம்பம் நடும் முந்தின நாளும் பந்தல் பிரிக்கும் மறுநாளும் வெளியே நிற்கும். ஏணி, கயிறு, கட்டை எல்லாம் அதிகம் புழங்குவது அந்த இரண்டு நாட்களில்தான். பிரிக்கிற அன்று ஆட்களும் களைத்திருப்பார்கள்.

1938-ம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பிரீமியம் கம்பெனியின் கைக்கு வராமல் பொறுப்பு தொடங்காது. ‘நாளைக்குக் கட்டிக்கலாம், நான் பார்த்துக்கிறேன்ணா’ என்று ஏஜென்ட் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரீமியத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டி, ரசீது வாங்கி, பாலிசி எண் வந்த பிறகே பந்தக்கால் நடுங்கள். யுனைடெட் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான். நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகியவற்றுக்கும் நகரில் கிளைகள் உண்டு. சின்ன விழா என்று ஒரு கிளையில் தட்டிக்கழித்தால் அடுத்த கிளைக்குப் போங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும்.

தெருவில் பத்தாவது முடித்த இளைஞர் யாராவது வேலை தேடிக்கொண்டிருந்தால் இதிலேயே ஒரு வழி இருக்கிறது. ‘பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன்’ என்ற விற்பனையாளர் ஆக 18 வயது, பத்தாம் வகுப்பு, 15 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு போதும். விபத்துக் காப்பீடு, வண்டிக் காப்பீடு போன்ற எளிய பாலிசிகளை அவர் விற்கலாம். விழாக்குழுவின் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பிக்கிற ஆள் தெருவுக்குள்ளேயே இருப்பது குழுவுக்கும் நல்லது.

விபத்து நடந்துவிட்டால்

ஆம்புலன்ஸ் முதலில். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்டான்லி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவமனைக்கோ அனுப்பிய பிறகு மற்றது. மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று பயத்தில் சொல்லிவிட்டால், பிறகு ‘விழாவில் நடந்தது’ என்று எந்தக் கம்பெனியையும் நம்பவைக்க முடியாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பி, காவல் நிலையத்தின் எஃப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். ரசீது, சம்பவ இடத்தின் போட்டோக்கள், இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று ஆகியவை வேண்டும். சுரக்‌ஷா பீமாவில் 30 நாளுக்குள் பாங்கில் தகவல் கொடுக்க வேண்டும். மற்றவற்றில் அன்றைக்கே கம்பெனிக்கு போன், மறுநாள் கடிதம்.

அடிபட்டவர் குடும்பத்துக்கு உடனடியாக உதவுங்கள். ஆனால் ‘தப்பு எங்கள் மீதுதான், முழு இழப்பீடும் தருகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பாலிசி கைவிரிக்க இடமுண்டு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாலிசி பணத்தைத்தான் ஏற்கும். கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வழக்கு வந்தால், அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அதை எந்தக் கம்பெனியும் உங்களுக்காக அனுபவிக்காது.

கோரிக்கையை மறுத்தாலோ இழுத்தடித்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாள் பொறுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் உண்டு. 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். சங்கத்தின் பொதுப் பொறுப்பு பாலிசி போன்றவற்றுக்கு நுகர்வோர் ஆணையம். வடசென்னைக்குத் தனி மாவட்ட ஆணையம் இருக்கிறது. அங்கே கெடு 2 ஆண்டு.